வளைய வேண்டியது பக்கமா, வாசகரா?

1

ஆசிரியரைக் கொன்றாயிற்று. வாசகரைப் பிறப்பித்தாயிற்று. 'படைப்பு' என்று சொல்லிக்கொண்டிருந்ததைப் 'பிரதி' என்று மாற்றிச் சொல்லி, அது முடிவற்றது, திறந்தது, பன்முகமானது என்று நமது சிறுபத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதித் தீர்த்தன. அந்தப் பேச்சு நமக்கு வேண்டியிருந்தது. ஆனால் அந்த முடிவற்ற பிரதி எத்தனை அங்குல அகலத்தில் வந்து விழுகிறது, புதிதாய்ப் பிறந்த வாசகர் அதை எதில் வைத்து வாசிக்கிறார் என்கிற கேள்வியை மட்டும் அச்சகத்துக்காரர் தலையில் கட்டிவிட்டோம். டெம்மியா கிரவுனா, பத்து பாயிண்டா பதினொன்றா என்பதெல்லாம் காகிதம் வாங்கக் கையில் இருக்கிற காசைப் பொறுத்த விஷயம். கோட்பாட்டுக்கு இதில் என்ன வேலை என்று இருந்துவிட்டோம்.

அப்படி இருந்துவிட முடிந்ததற்குக் காரணம் உண்டு. அச்சில் பக்கத்தின் அளவு எல்லோருக்கும் ஒன்று. சென்னையில் வாங்கியவர் கையிலும் செங்கல்பட்டில் இரவல் வாங்கியவர் கையிலும் அதே வரி அதே இடத்தில்தான் முறியும். மேற்கோளுக்குப் பக்க எண் போட முடிந்தது அதனால்தான். இணையப் பக்கத்துக்கு இந்த ஒருமை கிடையாது. அதற்கு அகலம் என்று ஒன்று இல்லை. எந்தத் திரையில் திறக்கப்படுகிறதோ அந்தத் திரையின் அகலமே அதன் அகலம்.

தொடக்கத்தில் இதை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. 1990களின் இறுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் இணையத்தில் உலவியவர்களுக்கு நினைவிருக்கும்: பக்கத்தின் அடியில் 'இத்தளத்தை 800 × 600 அளவில் காண்பது சிறப்பு' என்று ஒரு வரி. நீ உன் திரையை மாற்றிக்கொண்டு வா, நான் அசைய மாட்டேன் என்று அதற்கு அர்த்தம். 2000 ஏப்ரலில் ஜான் ஆல்சாப் என்கிற ஆஸ்திரேலியர் இதை எதிர்த்து ஒரு கட்டுரை எழுதினார். பக்கத்தை இம்மி பிசகாமல் கட்டுப்படுத்தும் ஆசை அச்சிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த பழக்கம், வளைந்துகொடுப்பதே இந்த ஊடகத்தின் பலம் என்பது அவர் வாதம். பத்தாண்டு கழித்து, 2010 மே மாதம், ஈத்தன் மார்காட் அந்த வாதத்துக்கு ஒரு செய்முறை கொடுத்தார். ஆள் வந்து நிற்பதற்கேற்பச் சுவரையும் வெளிச்சத்தையும் மாற்றிக்கொள்ளும் கட்டடக் கலை பற்றிய பேச்சிலிருந்து ரெஸ்பான்சிவ் என்கிற பெயரை எடுத்துக்கொண்டார். அவர் சொன்னவை மூன்று: கட்டங்களை நிலையான அளவில் போடாமல் திரையின் அகலத்தில் இத்தனை சதவீதம் என்று போடுவது, படங்களைத் தம் கட்டத்துக்குள் சுருங்கவிடுவது, 'அகலம் இதற்குக் கீழே போனால் இப்படி மாறு' என்று பக்கத்துக்கு நிபந்தனைகள் எழுதிவைப்பது. இந்த நிபந்தனை முறை 2012 ஜூனில் இணையத் தர அமைப்பின் அங்கீகாரம் பெற்றது. இன்று ஒரே பக்கம் மேசைக் கணினியில் மூன்று பத்தியாகவும் கைபேசியில் ஒற்றைப் பத்தியாகவும் தெரிவது இப்படித்தான்.

இதில் பெரிசா என்ன இருக்கு, இது கம்ப்யூட்டர்காரங்க சமாச்சாரம்தானே என்று கேட்கலாம். வளைய வேண்டியது பக்கமா, வாசகரா என்பது அதிகாரம் பற்றிய கேள்வி என்பதால்தான் இதை இங்கே எழுதுகிறேன். பக்கம் வாசகருக்கு இணங்கலாம், அல்லது வாசகர் பக்கத்துக்கு இணங்கிப் போகலாம். மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது, அதுதான் ஆபத்தானது. பக்கம் இணங்குவதுபோல் காட்டிக்கொண்டு, சொல்ல வேண்டியதை விழுங்கிவிடுவது.

2

நான் இருக்கும் திருப்போரூர் பனங்காடாக இருந்த ஊர் என்று சொல்வார்கள். பதினேழாம் நூற்றாண்டில் சிதம்பர சுவாமிகள் முருகனைக் கண்டெடுத்ததே ஒரு பனையடியில் என்பதுதான் கோயில் கதை. கதையின் உண்மை பொய் இருக்கட்டும். பனையைப் பற்றிப் பேச எனக்கு வேறு காரணம் இருக்கிறது: தமிழ்ப் பிரதி பல நூற்றாண்டு குடியிருந்தது பனை ஓலையில்.

ஓலையின் உயரம் இரண்டு மூன்று விரற்கடை. நீளம் மரத்தையும் நறுக்கியவரையும் பொறுத்தது. சுவடிக்குச் சுவடி அளவு மாறும். ஏட்டில் சொல்லுக்குச் சொல் இடம் விடுவதில்லை. புள்ளி பெரும்பாலும் இருக்காது. பாட்டின் அடி முடிந்தால் புது வரி தொடங்குவதும் இல்லை. ஓலை முடிகிற இடத்தில் எழுத்து முறியும், சொல் நடுவில் இருந்தாலும் சரி. அடுத்த வரியில் தொடரும். ஒரே பாட்டு ஒரு சுவடியில் நான்கு வரியிலும் இன்னொரு சுவடியில் ஏழு வரியிலும் கிடக்கும். பாட்டுக்கு அதனால் ஒரு சேதமும் இல்லை. ஏனென்றால் அடி எங்கே முடிகிறது என்கிற தகவல் ஓலையில் இல்லை, பாட்டுக்குள்ளேயே இருந்தது. சீர், தளை, எதுகை என்று அது தன் சட்டகத்தைத் தானே சுமந்துகொண்டு வந்தது. சி. வை. தாமோதரம் பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஏடுகளை அச்சுக்குக் கொண்டுவந்தபோது அடி பிரிக்க முடிந்தது யாப்பறிவால்தான். 1887இல் சீவக சிந்தாமணியும் 1894இல் புறநானூறும் சாமிநாதையர் பதிப்பாக அச்சில் வந்தபோது அவை ஒரு பரப்பை விட்டு அளவில் முற்றிலும் வேறான இன்னொரு பரப்புக்குக் குடிபெயர்ந்தன. ஓசை தாங்கியதால் அந்தப் பெயர்ச்சி நடந்தது.

இதைக் கேட்டதும் மரபுக் கவிஞர்கள் ஜிப்பாவைச் சரிசெய்துகொண்டு மேடையேற வேண்டாம். யாப்பு உயர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு பிரதியின் வடிவம் எங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன். வெண்பாவின் வடிவம் ஓசையில் சேமிக்கப்பட்டிருக்கிறது. புதுக்கவிதையின் வடிவம் பக்கத்தில் சேமிக்கப்பட்டிருக்கிறது. 1959இல் தொடங்கிய 'எழுத்து' பத்திரிகையும் சி. சு. செல்லப்பா 1962இல் தொகுத்த 'புதுக் குரல்க'ளும் தமிழுக்குக் கொண்டுவந்தவற்றில் ஒன்று, வரி முறிவை அர்த்தமாக்கியது. ஒரு சொல்லைத் தனி வரியில் நிறுத்துவது, அதைச் சுற்றி வெள்ளை விடுவது, வாக்கியத்தை எதிர்பாராத இடத்தில் ஒடிப்பது ஆகியவை அச்சு யந்திரத்தின் காலத்தில் பிறந்த உத்திகள். அவை அச்சுப் பக்கத்தின் அகலத்தை நம்பியிருக்கின்றன.

அந்தக் கவிதையை இன்று கைபேசியில் திறந்து பாருங்கள். கவிஞர் ஒரே வரியாக எழுதிய ஆறு சொல்லில் நான்கு மேலே நிற்கும், இரண்டு கீழே விழும். கீழே விழுந்த அந்த இரண்டு சொல்லும் இப்போது தனி வரி. வாசகர் அங்கே நிற்கிறார், யோசிக்கிறார், கவிஞர் நிறுத்திய இடம் என்று நினைத்து ஒரு மௌனத்தைக் கேட்கிறார். அந்த மௌனத்தை எழுதியது கைபேசிக் கம்பெனி. கவிஞரின் முறிவும் திரையின் முறிவும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிவதால் எது யாருடையது என்று பிரித்தறிய வழியில்லை. வரி முறிவுக்குப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதும் நமது கவிதை விமர்சனம் இந்தக் கலப்படத்தை இதுவரை கண்டுகொள்ளவில்லை.

தீர்வு ஒன்றும் மலையைப் பெயர்க்கிற வேலை அல்ல. நீண்ட அடிகளை மடக்கிப் போட நேர்ந்தால் மடங்கிய துண்டை உள்ளே தள்ளிப் போடும் வழக்கம் பழைய அச்சுக்கூடங்களிலேயே இருந்தது. வாசகருக்கு இது புது வரி அல்ல, பழைய வரியின் மிச்சம் என்று தெரியும். இணையப் பக்கத்திலும் இரண்டே கட்டளையில் இதைச் செய்யலாம். ஆனால் தமிழ் இலக்கியத் தளங்களில் பெரும்பாலும் செய்வதில்லை. கவிதையைச் சாதாரணப் பத்தி மாதிரியே கொட்டிவிடுகிறார்கள். இன்னும் சிலர் 'வடிவம் கெட்டுவிடக் கூடாது' என்று கவிதையைப் படமாக்கிப் போடுகிறார்கள். படத்தை விரலால் பெரிதாக்கினால் வரியின் பாதி திரைக்கு வெளியே போகும். பார்வையற்ற வாசகருக்கு வாசித்துக் காட்டும் கருவிக்கோ அது வெறும் படம், அதில் ஒரு எழுத்துகூடக் கிடையாது. வடிவத்தைக் காப்பாற்றுகிறேன் என்று வாசகரை வெளியே தள்ளுகிற காரியம் இது.

3

கவிதையை விடுங்கள். வாக்கியத்துக்கு வருவோம்.

பழைய மகாபலிபுரம் சாலை இன்று ராஜீவ் காந்தி சாலை. மத்திய கைலாஷில் தொடங்கி சிறுசேரி வரை ஆறு வழி. இரு பக்கமும் கண்ணாடிக் கட்டடங்கள். உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் வங்கிகளுக்கும் கடைகளுக்கும் இணையப் பக்கங்கள் அங்கே செய்யப்படுகின்றன. சிறுசேரிக்குத் தெற்கே அரை மணி பஸ் பயணத்தில் திருப்போரூர். சிறுசேரியில் ஒரு கம்பெனியில் இந்த வேலை பார்க்கும் ஊர்க்காரத் தம்பி ஒருவனிடம், தமிழ்ப் பக்கம் எப்படிப்பா டிசைன் பண்றீங்க என்று கேட்டேன். "டிசைன்ல தமிழே இருக்காதுண்ணா. லாரம் இப்சம்னு ஒரு டூப்ளிகேட் லத்தீன் இருக்கு, அதைப் போட்டுதான் பெட்டியெல்லாம் அளவு எடுப்போம். கடைசியில தமிழ் வரும். பெட்டிக்குள்ள புடிக்கலன்னா மூணு புள்ளி வெச்சிடுவோம்" என்றான்.

அந்த மூன்று புள்ளியில்தான் விஷயம் இருக்கிறது. திரை சிறிதாகும்போது நீண்ட வாக்கியத்தைப் பெட்டிக்குள் அடக்க, மிஞ்சியதை வெட்டிவிட்டு மூன்று புள்ளி வைப்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்தே வினை வந்துவிடும். மறுப்பும் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். வால் வெட்டுப்பட்டாலும் நடந்ததா நடக்கவில்லையா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். தமிழில் வினை கடைசியில். மறுப்பு அந்த வினைக்கும் கடைசியில். 'தங்கள் விண்ணப்பம் வட்டாட்சியரால் ஏற்றுக்கொள்ளப்பட…' என்று கைபேசித் திரையில் ஒரு செய்தி வருகிறது. 'பட்டது' என்றா, 'படவில்லை' என்றா? 'மேற்படி நிலம் கையகப்படுத்தப்பட…' என்று இன்னொன்று. 'உள்ளது' என்றா, 'மாட்டாது' என்றா? யார், எது, யாரால் என்பதெல்லாம் தெரிகிறது. ஆமா, இல்லை மட்டும் புள்ளிக்குள் போய்விட்டது. ஒரு மொழியின் இலக்கணத்தை அளவாக வைத்துச் செய்த பெட்டி இன்னொரு மொழியின் வாயிலிருந்து சரியாக அந்த ஒரு சொல்லைப் பிடுங்கிக்கொள்கிறது.

தமிழ்ச் சொல் ஒட்டி ஒட்டி நீளும் மொழியின் சொல். 'அனுமதிக்கப்படாதவர்களுக்கெல்லாம்' என்று ஒற்றைச் சொல் ஒரு சின்னத் திரையின் முழு அகலத்தையும் அடைத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் ஆறு எழுத்துக்கு அளவெடுத்த பொத்தானில் 'சமர்ப்பிக்கவும்' என்று போட்டால் பாதி வெளியே தொங்கும். பெட்டியின் உயரத்தைக் கறாராக நிர்ணயித்துவிட்டால் 'கூ'வின் அடிச்சுழியும் 'கி'யின் மேல்விலங்கும் வெட்டுப்படும். இதையெல்லாம் 'தமிழ் எழுத்தின் பிரச்சினை' என்று சொல்வது நம்மிடையே சாதாரணமாகிவிட்டது. எழுத்துச் சீர்திருத்தம் வேண்டும் என்று கிளம்புகிறவர்கள்கூட உண்டு. பெட்டி சிறிது என்று சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை.

தெரிதா 1978இல் ஓவியம் பற்றிய தன் நூலில் சட்டத்தைப் பற்றிப் பேசுகிறார். படத்தைச் சுற்றியிருக்கும் சட்டம் படத்தைச் சேர்ந்ததா, சுவரைச் சேர்ந்ததா? இரண்டும் இல்லை, இரண்டும்தான். வெளியே நிற்பதாகப் பாவனை செய்துகொண்டு உள்ளே எது இருக்கலாம் என்று அதுதான் தீர்மானிக்கிறது. தமிழில் இந்த வாதத்துக்கு மொழியே ஒத்தாசை செய்கிறது. படத்துக்கும் சட்டம், அரசாங்கம் போடுவதும் சட்டம். திரையின் சட்டமும் அரசின் சட்டமும் ஒன்றாகச் சேர்கிற இடம் எது என்று பார்க்க வேண்டும்.

4

அந்த இடம் திருப்போரூருக்குக் கிழக்கே நாலைந்து கிலோமீட்டரில், கடற்கரையில் இருக்கிறது. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை மீனவக் குப்பங்கள். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013இல் வந்தது. இரண்டாவது ஆலை 2024இல். ஓட்டல்கள், பங்களாக்கள், கேளிக்கைப் பூங்காக்கள். இந்தக் கரையில் எங்கே எதைக் கட்டலாம் என்பதைச் சொல்வது கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. 2011இல் ஒன்று வந்தது, 2019 ஜனவரியில் இன்னொன்று. 2019 அறிவிக்கையின்படி கிராமப்புறக் கரைகள் இரண்டு வகை. 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் இருந்தால், உயர் அலைக் கோட்டிலிருந்து 50 மீட்டர் மட்டுமே கட்டடம் கூடாத பகுதி. அதற்குக் குறைவாக இருந்தால் 200 மீட்டர். தன் ஊர் 50இலா 200இலா என்பதைப் பொறுத்துத்தான் வலை காயப்போடும் மணல் நாளைக்கு இருக்குமா என்பது.

இந்தக் கோடுகளைக் காட்டும் வரைபடம் 1:25,000 அளவையில் போடப்படுகிறது. அதாவது காகிதத்தில் ஒரு சென்டிமீட்டர், தரையில் 250 மீட்டர். 50 மீட்டர் என்பது தாளில் இரண்டு மில்லிமீட்டர், 200 மீட்டர் என்பது எட்டு மில்லிமீட்டர். தாளில் பார்த்தால் தெரியும். இப்போது அந்தத் தாள் அரை மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பிடிஎஃப் கோப்பாக்கி ஆறரை சென்டிமீட்டர் அகலமுள்ள கைபேசியில் திறக்கிறார் ஒரு மீனவர். எல்லாம் ஏறக்குறைய எட்டில் ஒன்றாகச் சுருங்கும். 50 மீட்டர் கால் மில்லிமீட்டர் ஆகும். 200 மீட்டர் ஒரு மில்லிமீட்டர். இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அரை கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு குப்பம் முழுசும் பாதி அரிசி அளவு. விரலால் பெரிதாக்கலாமே என்பீர்கள். பெரிதாக்கினால் கோடு தெரியும், எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்கிற விளக்கக் கட்டம் திரைக்கு வெளியே போகும். விளக்கத்தைத் தேடிப் போனால் ஊர் காணாமல் போகும். வரைபடம் 'வெளியிடப்பட்டது', யாரும் வாசிக்கவில்லை. சட்டப்படி ஒரு குறையும் இல்லை.

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, பொது விசாரணைக்கு வரும் திட்டத்தின் சுருக்க அறிக்கை மக்கள் மொழியிலும் இருக்க வேண்டும் என்கிறது. 2020இல் அந்த அறிவிக்கைக்குப் பதிலாக வந்த வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் இருந்தபோது, எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் அதை மொழிபெயர்க்கச் சொல்லி தில்லி உயர்நீதிமன்றம் அந்த ஆண்டு ஜூன் 30இல் உத்தரவிட்டது. மொழிக்காக நடந்த இந்தப் போராட்டம் முக்கியமானது. ஆனால் மொழியோடு நின்றுவிடுகிறது. தமிழில் கொடு என்று கேட்கத் தெரிந்த நாம், கைத்திரையில் வாசிக்கும்படி கொடு என்று கேட்கவில்லை. ஏ-4 தாளை அப்படியே நகலெடுத்த, சில சமயம் கோணலாக ஸ்கேன் செய்த பக்கம் தமிழில் இருந்தால் என்ன, சீனத்தில் இருந்தால் என்ன? பிடிஎஃப் 1993இல் பிறந்ததே எந்த யந்திரத்தில் திறந்தாலும் பக்கம் அசையக் கூடாது என்பதற்காக. அச்சகத்துக்கு அது வரப்பிரசாதம். ஊர்க் கூட்டத்தில் கைபேசியில் வாசிப்பவருக்கு அது மூடிய கதவு. அதிலும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்திருந்தால் தேட முடியாது, நகலெடுத்தால் கிறுக்கலாக வரும்.

உலக அளவில் இதற்கு ஒரு நெறி இருக்கிறது. 2018 ஜூனில் வந்த இணைய அணுகல் வழிகாட்டியின் 2.1ஆம் பதிப்பில் மறு ஒழுக்கு பற்றி ஒரு விதி: 320 அலகு அகலத்துக்குச் சுருக்கினாலும் பக்கத்தை மேலும் கீழும் மட்டும் நகர்த்தி வாசிக்க முடிய வேண்டும், இடமும் வலமும் இழுக்க வைக்கக் கூடாது. நல்ல விதி. ஆனால் விலக்கும் கூடவே வருகிறது. இரு திசையிலும் பரந்திருந்தால்தான் அர்த்தம் தரக்கூடியவற்றுக்கு இது பொருந்தாது. வரைபடமும் தரவு அட்டவணையும் அந்த வகை. விலக்குக்குத் தொழில்நுட்ப நியாயம் உண்டு, மறுக்கவில்லை. இருந்தாலும் யோசித்துப் பாருங்கள்: கடற்கரையில் இருப்பவருக்கு அரசோடு உள்ள உறவு வரைபடம். நிலம் வைத்திருப்பவருக்கு அரசோடு உள்ள உறவு அட்டவணை. விதி எங்கே முடிகிறதோ அங்கேதான் இவர்களுடைய தேவை தொடங்குகிறது.

பட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். புல எண், உட்பிரிவு, புன்செய், நன்செய், மற்றவை, ஒவ்வொன்றுக்கும் பரப்பு, தீர்வை, கடைசியில் குறிப்புரைகள். காலனிய வருவாய்த் துறையின் அகலமான பேரேட்டிலிருந்து வந்த வடிவம் இது. இதைச் சின்னத் திரைக்கு 'இணங்க' வைக்கும் வடிவமைப்பாளர் வழக்கமாகச் செய்வது, முக்கியமில்லாத பத்திகளை மறைத்துவிடுவது. எது முக்கியமில்லை? கடைசிப் பத்திதான் பெரும்பாலும் முதலில் பலியாகும். எந்த உத்தரவின்படி, எந்தத் தேதியில் இந்தப் பெயர் இங்கே ஏறியது என்கிற தகவல் இருப்பதோ அந்தக் குறிப்புரைகளில். தாத்தா பெயர் போய் வேறொருவர் பெயர் வந்த கதை அங்கேதான் கிடக்கும். பக்கம் அழகாக வளைந்துகொடுக்கிறது, ஒரு குடும்பத்தின் வழக்கைத் திரைக்கு வெளியே விட்டுவிட்டு.

5

ஆகவே வளையும் பக்கத்தைக் கொண்டாடுவதில் ஒரு எச்சரிக்கை வேண்டும். 'திரவப் பக்கம் வந்துவிட்டது, மையம் சிதறிவிட்டது, வாசகரே பிரதியை உருவாக்குகிறார்' என்று நம் ஆட்கள் சிலர் எழுதக்கூடும். பக்கம் தானாக வளைவதில்லை. இந்த அகலத்தில் எது மேலே வர வேண்டும், எது கீழே போக வேண்டும், எது மறைய வேண்டும் என்று ஒருவர் எங்கோ உட்கார்ந்து நிபந்தனை எழுதுகிறார். மூன்று பத்தி ஒன்றாகும்போது அருகருகே இருந்தவை மேல் கீழ் ஆகின்றன. பக்கவாட்டில் சமமாக நின்ற இரண்டு குரல்களில் ஒன்று முதலாவதாகவும் மற்றது இருபது முறை விரலால் தள்ளினால்தான் வரும் ஒன்றாகவும் மாறுகிறது. மேல் கீழ் என்பதன் அரசியல் நமக்குப் புதிதல்ல. இன்னொன்று: திரையின் அளவைப் பக்கம் அறிந்துகொள்கிறது என்றால், பக்கத்தை வைத்திருப்பவரும் அறிந்துகொள்ள முடியும். ஜன்னலின் அளவும் ஆளை அடையாளம் காணும் குறிகளில் ஒன்று. டோர் பிரவுசர் 2019 முதல் ஜன்னல் அளவைக் குத்துமதிப்பாக்கிக் காட்டுவது இதனால்தான். இயக்க நண்பர்கள் இதையும் மனதில் வைக்க வேண்டும்.

சரி, அடுத்தவனைச் சொன்னது போதும். நம் வீட்டில் என்ன நடக்கிறது? உண்மை அறியும் குழுக்களின் அறிக்கைகள் பிடிஎஃப்பில் வருகின்றன. சிறுபத்திரிகைகளின் பழைய இதழ்கள் பிடிஎஃப்பில் கிடைக்கின்றன. அந்தப் பக்கத்தை அது அச்சான வடிவிலேயே காப்பாற்றுவது வரலாற்றுக்குத் தேவை, அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் நேற்று எழுதிய கட்டுரையும் ஏன் அதே பெட்டியில் வர வேண்டும்? விளிம்புநிலை மக்களைப் பற்றி இரண்டு பத்தியில் எட்டு பாயிண்டில் அச்சுக்கோத்து, அதைப் படமாக்கி, வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். விளிம்பில் இருப்பவர் கையில் இருப்பதோ விரிசல் விட்ட ஒரு கைபேசி. 2017இல் ஜியோ விற்ற பொத்தான் போனின் திரை 2.4 அங்குலம். அவர் நம் கட்டுரையை இடமும் வலமுமாக இழுத்து இழுத்து, வரிக்கு இரண்டு தடவை தொலைந்துபோய், மூன்றாவது பத்தியில் விட்டுவிடுவார். 'எளிய மக்களுக்குக் கோட்பாடு புரியாது' என்று அப்புறம் நாமே முடிவு கட்டிக்கொள்வோம். கோட்பாடு அவர்கள் கண்ணுக்கு எட்டவே இல்லை என்பதுதான் நடந்தது.

வேறு மாதிரி செய்தவர்களும் தமிழில் உண்டு. 1995இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றினார். 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். அந்த ஆண்டுகளில் எழுத்துரு தகராறுக்குப் பயந்து பலர் தமிழை ஜிஃப் படமாக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மதுரைத் திட்டம் எழுத்தாகவே போட்டது. குறியாக்கம் மாற மாற அந்த எழுத்தும் மாறியது. தமிழக அரசு யூனிகோடை ஏற்ற 2010க்குப் பல ஆண்டு முன்பே அங்கே யூனிகோடில் நூல்கள் இருந்தன. அழகில்லாத பக்கங்கள்தான். ஆனால் அன்றைக்கு ஏற்றிய தொல்காப்பியம் இன்றைய கைபேசியில் இழுக்காமல் கொள்ளாமல் ஓடுகிறது. எழுத்தாகச் சேமித்தால் எதிர்காலத்தின் எந்த அகலத்துக்கும் அது போகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நாம் செய்ய வேண்டியவை பெரிய முதலீடு கேட்பவை அல்ல. கவிதையின் மடங்கிய வரியை உள்ளே தள்ளுங்கள். அட்டவணையின் ஒவ்வொரு வரிசையையும் 'புல எண் இது, பரப்பு இது, குறிப்புரை இது' என்று ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குங்கள், எதையும் மறைக்காமல். முடிவு சொல்லும் வாக்கியத்துக்கு மூன்று புள்ளி வைக்காதீர்கள். இடம் போதாவிட்டால் 'மறுப்பு' என்றோ 'ஏற்பு' என்றோ ஒரு சொல்லை முதலில் வையுங்கள். வரைபடத்தைக் கேட்கும்போது கூடவே ஊர்வாரி விவரத்தை எழுத்தில் கேளுங்கள்: நெம்மேலிக் குப்பத்தில் உயர் அலைக் கோடு எந்தெந்த சர்வே எண் வழியாகப் போகிறது, இந்த ஊருக்கு 50 மீட்டரா 200 மீட்டரா என்று. இரண்டு வாக்கியம் போதும். எந்தத் திரையிலும் அடங்கும். கேட்பதற்குச் சட்டப் பிடியும் கிடைத்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகலை வெறும் வழிகாட்டுதலாக விட முடியாது, கட்டாய விதியாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் ரஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஏப்ரலில் இன்னொரு தீர்ப்பு மின்னணு அணுகலை வாழ்வுரிமையின் பகுதியாகவே பார்த்தது. இந்த உரிமையை வென்றெடுத்தவர்கள் மாற்றுத்திறனாளிகள். எழுத்தாளர்களும் இயக்கங்களும் இதுவரை வேடிக்கை பார்த்தோம். இனி அவர்களோடு சேர்ந்து நிற்க வேண்டியிருக்கிறது.

நமது பத்திரிகைகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. காசு இல்லாவிட்டாலும், இதழ் மூன்று மாதம் தாமதமானாலும், மெய்ப்புப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்புவதில்லை. அந்த மெய்ப்பை இனி ஒருமுறை ஆறரை சென்டிமீட்டர் அகலத்திலும் பாருங்கள். வெயிலில் நின்றுகொண்டு, விரிசல் விட்ட கண்ணாடியில். எந்த வரி முறிகிறது, எந்தச் சொல் காணாமல் போகிறது என்று அப்போது தெரியும்.